ஊசி ஏன் அசைந்தது? - கல்லூரியில் மின்காந்தவியல் கற்பது குறித்து

இலக்கிய நண்பர்கள் கூடும் இடங்களில் அறிவியல் பேச்சு எழுவதுண்டு. எழும்போதெல்லாம் அது குவாண்டம் இயற்பியலாகவோ, சார்பியலாகவோ, கருந்துளையாகவோதான் இருக்கும். பெட்டிக்குள் ஒரு பூனை ஒரே சமயத்தில் உயிருடனும் பிணமாகவும் இருப்பதைப் பற்றி விடியும்வரை பேசக்கூடியவர்கள் நம்மிடையே உண்டு. அப்போது தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றுகொண்டிருக்கும். அது ஏன் சுழல்கிறது என்று எவரும் கேட்பதில்லை. யாராவது கேட்டுவிட்டால், இயற்பியலில் பட்டம் பெற்றவர்களாகிய நாங்கள்தான் முதலில் பேச்சை மாற்றுவோம்.

இந்த மௌனத்தைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறோம். கல்லூரி இயற்பியலில் 'மின்னியலும் காந்தவியலும்' என்றொரு பாடம் உண்டு. அறிவியல் பிரிவுகளில் படித்த பலரும் ஏதேனும் ஒரு பருவத்தில் அதைக் கடந்துதான் வந்திருப்பார்கள். மனித கற்பனை நிகழ்த்திய மிகப் பெரிய பாய்ச்சல்களில் ஒன்று அந்தப் பாடத்துக்குள் இருக்கிறது. ஆனால் அது மாணவனின் கண்ணில் படாதவாறே அந்தப் பாடம் கற்பிக்கப்படுகிறது. இதற்குக் கணிதத்தைக் காரணம் சொல்வது வழக்கம். மொழிதான் முதன்மையான காரணம் என்பது எங்கள் எண்ணம். ஆகவே இலக்கியப் பக்கம் ஒன்றில் இதைப் பேசுவது பொருத்தமற்றது அல்ல என்று நம்புகிறோம்.

எங்கள் வகுப்பில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறோம். சிறுநகரக் கல்லூரி. பெரும்பாலோர் தமிழ் வழியில் பள்ளி முடித்து ஆங்கில வழிக்கு மாறியவர்கள். மின்காந்தத் தூண்டல் பற்றிய பாடம் கரும்பலகையில் நடந்துகொண்டிருந்தபோது, விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த நண்பன் ஒருவன் எழுந்து ஒரு கேள்வி கேட்டான். "எங்க கெணத்து மோட்டாரப் பிரிச்சுப் பாத்திருக்கேன் சார். சுத்துற பாகத்துக்கு ஒயரே போகலை. கரண்டே போகாத ஒண்ணு எப்படி சார் சுத்துது?" வகுப்பு சிரித்தது. ஆசிரியர் கடிந்துகொள்ளவில்லை. அது மின்பொறியியல் பாடம், நம் பாடத்திட்டத்தில் இல்லை என்று சொல்லிவிட்டுச் சமன்பாட்டின் அடுத்த வரிக்குச் சென்றார்.

அந்தக் கேள்விக்கான விடைதான் அன்று கரும்பலகையில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. வெளிச்சுற்றில் உள்ள கம்பிச்சுருள்கள் சுழலும் காந்தப்புலம் ஒன்றை உண்டாக்குகின்றன. மாறிக்கொண்டே இருக்கும் அந்தப் புலம், நடுவே உள்ள உலோகச் சட்டங்களில் ஒயர் எதுவும் இன்றியே மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. மின்னோட்டம் பாயும் சட்டம் காந்தப்புலத்தில் இருப்பதால் அதன்மீது விசை செயல்படுகிறது, சுழலி சுற்றுகிறது. ஃபாரடே, ஆம்பியர் இருவரின் கண்டுபிடிப்புகளும் சந்திக்கும் இடம் அது. ஒரு பருவத்துப் பாடம் முழுவதையும் உள்ளடக்கிய அந்தக் கேள்வி, பாடத்தில் இல்லை என்று ஒதுக்கப்பட்டது. நண்பன் அதன்பின் வகுப்பில் எதையும் கேட்டதாக நினைவில்லை. அந்தத் தாளில் அரியர் வைத்தான்; மூன்றாம் ஆண்டில் படிப்பையே விட்டுவிட்டான்.

நாங்கள் தேறினோம். எப்படித் தேறினோம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காஸ் தேற்றத்தின் நிறுவலைப் படத்தோடு மனனம் செய்தோம். டேஞ்சண்ட் கால்வனாமீட்டரில் விலக்கம் 45 பாகைக்கு அருகில் வருமாறு மின்னோட்டத்தைத் திருத்தி, பதிவேட்டில் முந்தைய ஆண்டு மாணவர் எழுதியதை ஒத்த விடையை வரவழைத்தோம். ஒரு வரி மறந்தால் அடுத்த வரி வராது. எந்த வரியும் எங்கள் வரியாக இல்லாததே காரணம்.

*

இது நம் ஊரின் நோய் மட்டும்தானா என்றால், அல்ல. ஒரு சிறு புதிர். ஒரே மாதிரியான ஐந்து குமிழ் விளக்குகள், ஒரே மாதிரியான மூன்று மின்கலங்கள். முதல் கலத்தில் ஒரே ஒரு விளக்கு. இரண்டாவதில் இரண்டு விளக்குகள் தொடராக. மூன்றாவதில் இரண்டு விளக்குகள் பக்க இணைப்பாக. ஐந்து விளக்குகளின் ஒளியையும் வரிசைப்படுத்த வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லில்லியன் மெக்டெர்மாட், பீட்டர் ஷாஃபர் ஆகியோர் 1992-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தப் புதிர் வருகிறது. கல்லூரியில் கணிதம் சார்ந்த இயற்பியல் படித்தவர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரே சரியாக விடை சொன்னார்கள். தனி விளக்கும், பக்க இணைப்பிலுள்ள இரண்டும் ஒரே ஒளியுடன் எரியும். தொடராக உள்ள இரண்டும் தமக்குள் சமமாக, ஆனால் மங்கலாக எரியும். தொடரில் முதலில் இருக்கும் விளக்கு மின்னோட்டத்தில் ஒரு பகுதியைத் 'தின்றுவிடும்', மிச்சம்தான் அடுத்ததற்குப் போகும் என்று பல மாணவர்கள் எண்ணினார்கள்.

ஹார்வர்ட் பேராசிரியர் எரிக் மஸூரும் இதே அனுபவத்தை எழுதியிருக்கிறார். கிர்க்காஃப் விதிகளைக் கொண்டு சிக்கலான சுற்றுக்கணக்குகளைப் போட்டுவிடும் மாணவர்கள், ஒரு சுவிட்சை மூடினால் எந்த விளக்கு மங்கும் என்ற எளிய கேள்வியில் தடுமாறினார்கள். 1997-இல் வெளிவந்த அவரது நூல், வகுப்பில் மாணவர்கள் ஒருவருக்கொருவர் பேசி விவாதித்துக் கற்கும் முறையை முன்வைத்தது. நோய்க்கு அவர் கண்ட மருந்தே பேச்சு என்பதை இலக்கிய வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

மின்னோட்டம் தின்னப்படுகிறது என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது? நம்மைப் பொறுத்தவரை அது நாம் அன்றாடம் பேசும் மொழியிலேயே இருக்கிறது. பழைய ஃப்ரிட்ஜ் 'கரண்டைக் குடிக்கிறது'. மோட்டார் 'கரண்டை இழுக்கிறது'. மாதக் கடைசியில் 'கரண்ட் பில்' வருகிறது. ஆனால் சுற்றுக்குள் நுழைந்த மின்னோட்டம் அதே அளவில் வெளியேறுகிறது, செலவாவது ஆற்றல். நாம் பணம் கட்டும் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல் ஆற்றல். இத்தனை காலம் பேசிவந்த மொழி மாணவனுக்குள் ஒரு கருத்தை ஆழமாக ஊன்றியிருக்கும்போது, அதை எதிர்கொள்ளாமல் அதன்மேல் சமன்பாடுகளை அடுக்கினால் கீழே உள்ளது அப்படியேதான் இருக்கும்.

'மின்னோட்டம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நீரோட்டத்தை நினைவூட்டும் நல்ல சொல். ஆனால் இந்த உவமை எதுவரை வரும், எங்கே கைவிடும் என்பதை ஆசிரியர் சொல்லியாக வேண்டும். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள தாமிரக் கம்பியில் ஒரு ஆம்பியர் நேர்மின்னோட்டம் பாயும்போது, எலக்ட்ரான்கள் சராசரியாக நகரும் வேகம் நொடிக்கு 0.07 மில்லிமீட்டர் அளவுதான். ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 27 சென்டிமீட்டர். ஐந்து மீட்டர் கம்பியைக் கடக்க ஒரு பகலும் பாதி இரவும் ஆகும். வீட்டுக்கு வரும் மாறுமின்னோட்டத்திலோ அவை எங்கும் போவதில்லை. மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தொலைவுக்குள் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடுகின்றன. அப்படியானால் சுவிட்சைப் போட்டதும் விளக்கு எப்படி எரிகிறது? கம்பி நெடுக ஏற்கெனவே நிறைந்திருக்கும் எலக்ட்ரான்களை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நகர்த்துவது மின்புலம். அதன் மாற்றம் ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் பரவுகிறது. ஆற்றல் பாய்வது கம்பியைச் சுற்றியுள்ள வெளியின் ஊடாக என்று 1884-இல் பாய்ண்டிங் காட்டினார். கம்பி அதற்கு வழிகாட்டி மட்டுமே. இதை முதன்முதலாகக் கேட்கும் மாணவன் கொஞ்சமாவது அதிர வேண்டும். நாங்கள் அதிரவில்லை. 'ட்ரிஃப்ட் வெலாசிட்டி' என்ற தலைப்பில் ஐந்து மதிப்பெண் வினாவாக அது எங்களைக் கடந்து சென்றது.

*

1820-இல் கோபன்ஹேகனில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் ஒரு கம்பியில் மின்சாரத்தைச் செலுத்தியபோது அருகிலிருந்த திசைகாட்டி ஊசி அசைந்தது. மின்சாரமும் காந்தமும் தொடர்புடையவை என்பதே செய்தி என்று பாடநூல் ஒரு வரியில் முடித்துக்கொள்கிறது. ஆனால் அறிஞர்களை உலுக்கியது ஊசி திரும்பிய திசை. அதுவரை அறிந்த விசைகள் எல்லாம் இரு பொருள்களை இணைக்கும் நேர்கோட்டில் இழுத்தன, அல்லது தள்ளின. நியூட்டனின் ஈர்ப்பும் அப்படித்தான், 1785-இல் கூலும் அளந்த மின்விசையும் அப்படித்தான். இந்த ஊசியோ கம்பியை நோக்கி வரவும் இல்லை, விலகிப் போகவும் இல்லை. கம்பிக்குக் குறுக்கே திரும்பி நின்றது. கம்பியைச் சுற்றி ஏதோ ஒன்று வட்டமிடுகிறது என்று கொள்ளவேண்டியதாயிற்று.

இந்த வட்டத்தைக் கண்ணால் கண்டவர் என்று மைக்கேல் ஃபாரடேயைச் சொல்லலாம். 1791-இல் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர். பதினான்கு வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியல் கற்றார். கலைக்களஞ்சியத்தின் மின்சாரக் கட்டுரையும், ஜேன் மார்செட் என்ற பெண்மணி உரையாடல் வடிவில் எழுதிய வேதியியல் நூலும் அவருக்கு ஆசிரியர்களாயின. உயர்கணிதம் அவருக்குத் தெரியாது. இன்றைய நம் கல்லூரி ஒன்றில் அவர் சேர்ந்திருந்தால், எங்கள் நண்பனைப் போல அரியர் வைத்திருப்பார் என்றே தோன்றுகிறது.

காந்தத்தின்மேல் காகிதத்தை வைத்து இரும்புத்தூளைத் தூவும் சோதனையைப் பள்ளியிலேயே செய்திருக்கிறோம். தூள் வளைகோடுகளாக அணிவகுக்கும். அதை அழகான வேடிக்கையாகக் கொண்டு நாம் கடந்துவிட்டோம். ஃபாரடே, அந்தக் கோடுகள் இரும்புத்தூள் இல்லாதபோதும் அங்கே இருக்கின்றன என்று எண்ணினார். வெற்றிடம் வெற்றிடமல்ல, அது இழுவிசையும் அழுத்தமும் நிறைந்த ஒன்று என்று சொல்லத் துணிந்தார். கணிதம் அறிந்த சமகாலத்தவர் பலருக்கு இது ஒரு கைத்தொழிலாளியின் கற்பனையாகவே பட்டது. 1845-இல் அவர் 'காந்தப் புலம்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். ஆங்கிலத்தில் அதே சொல் வயலையும் குறிக்கும்.

தமிழில் அதற்குப் 'புலம்' என்று பெயரிட்டவர் யாராயினும் அவரை வணங்கலாம். புலம் என்பது விளைநிலம். புலம் என்பது இடம், திசை; வடபுலம், தென்புலம் என்கிறோம். கண்ணும் காதும் அறிவதும் புலமே. புலப்படுதல் என்ற வினையும் புலமை என்ற பெயரும் அதே வேரில் நிற்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத ஒன்று, ஓர் இடம் முழுக்கப் பரந்து, அங்கே வைக்கப்படும் பொருளின்மேல் விளைவை உண்டாக்குகிறது என்பதை இதைவிடச் செறிவாக ஒரே சொல்லில் சொல்ல முடியுமா? 'தூண்டல்' என்ற சொல்லும் அப்படியே. விளக்குத் திரியைத் தூண்டுவது போல. விரலைத் திரியருகே சும்மா வைத்திருந்தால் சுடர் எழுவதில்லை, நகர்த்த வேண்டும்.

1831-இல் ஃபாரடே கண்டதும் சரியாக இதைத்தான். ஆகஸ்ட் 29 அன்று, இரும்பு வளையம் ஒன்றின் இருபுறமும் தனித்தனியே கம்பிச் சுருள்களைச் சுற்றி, ஒன்றை மின்கலத்தோடு இணைத்தார். மற்றதோடு தொடர்புடைய ஊசி, இணைத்த கணத்தில் அசைந்து பழைய நிலைக்கு வந்துவிட்டது. துண்டித்த கணத்தில் மறுபடி அசைந்தது. இடைப்பட்ட நேரத்தில் மின்னோட்டம் சீராகப் பாய்ந்துகொண்டிருந்தும் ஊசி சும்மா இருந்தது. அக்டோபரில் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தும் எடுத்தும் இதையே கண்டார். விளைவைத் தருவது இருப்பு அல்ல, மாற்றம். இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1825-இல், ஜெனீவாவில் கொலடான் என்பவர் ஏறக்குறைய இதே சோதனையைச் செய்ததாகச் சொல்வார்கள். காந்தம் ஊசியை நேரடியாகப் பாதிக்கக் கூடாதே என்று அளவுமானியை அடுத்த அறையில் வைத்திருந்தார். காந்தத்தைச் சுருளில் நுழைத்துவிட்டு அந்த அறைக்கு நடந்து செல்வதற்குள் ஊசி அசைந்து அடங்கிவிட்டது. இந்தக் கதை ஒன்று போதும், மாறும் பாயம்தான் மின்னியக்கு விசையைத் தூண்டுகிறது என்பதை ஆயுளுக்கும் மறக்காமலிருக்க. எங்களுக்கு எவரும் சொல்லவில்லை. எதிர்க்குறியோடு கூடிய ஒரு வகைக்கெழுவை மட்டும் தந்தார்கள்.

*

இந்த இடத்தில் ஓர் எதிர்வாதத்தைச் சந்தித்தாக வேண்டும். கதையும் சொல்லாராய்ச்சியும் இயற்பியல் ஆகிவிடுமா? கணிதம் இல்லாமல் எதைக் கட்ட முடியும்?

முடியாது என்பதை முழுமனதுடன் ஒப்புக்கொள்கிறோம். ஒளியும் இந்த விசைக்கோடுகளின் அதிர்வாக இருக்கலாம் என்று 1846-இலேயே ஃபாரடே ஊகித்தார். ஊகத்துக்கு மேல் அவரால் போக முடியவில்லை. 1831-இல், தூண்டல் கண்டறியப்பட்ட அதே ஆண்டில் பிறந்த ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்தான் அந்தக் கோடுகளைக் கணிதமாக்கினார். மாறும் காந்தப்புலம் மின்புலத்தைத் தோற்றுவிப்பது போல, மாறும் மின்புலமும் காந்தப்புலத்தைத் தோற்றுவிக்க வேண்டும் என்று கொண்டார். அந்த அலையின் வேகத்தைக் கணக்கிட்டபோது நொடிக்குச் சுமார் 3,10,000 கிலோமீட்டர் வந்தது. ஃபிஸோ அளந்திருந்த ஒளியின் வேகம் சுமார் 3,15,000. ஒளி ஒரு மின்காந்த அலை என்ற முடிவு எண்களிலிருந்து எழுந்தது. சொற்களால் மட்டும் அது எழுந்திருக்காது. 1887-88-இல் ஹெர்ட்ஸ் அந்த அலைகளைத் தம் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிக் காட்டினார்.

ஆனால் மேக்ஸ்வெல் எங்கிருந்து தொடங்கினார் என்பதையும் பார்க்க வேண்டும். ஃபாரடேயின் ஆய்வுக் குறிப்புகளை முழுவதும் படித்து முடிக்கும்வரை மின்சாரம் குறித்த எந்தக் கணிதத்தையும் படிப்பதில்லை என்று தீர்மானித்திருந்ததாக, 1873-இல் வெளியான தம் பெருநூலின் முன்னுரையில் அவரே குறிப்பிடுகிறார். ஐரோப்பாவின் தேர்ந்த கணித மூளைகளில் ஒன்று, சமன்பாடுகளே அற்ற உரைநடையை முதலில் வாசித்தது. நம் மாணவர்களுக்கு இந்த வரிசை தலைகீழாக்கப்பட்டிருக்கிறது. இன்று பாடநூல்களில் உள்ள நான்கு சமன்பாடுகளின் வடிவம்கூட மேக்ஸ்வெல்லுடையது அல்ல. பதினாறு வயதில் பள்ளியை விட்டுத் தந்தி ஊழியராகப் பணியாற்றிய ஆலிவர் ஹெவிசைடு 1880-களில் சுருக்கித் தந்த வடிவம்.

1857-இல், தமது 66-ஆம் வயதில், ஃபாரடே இளைஞரான மேக்ஸ்வெல்லுக்கு ஒரு கடிதம் எழுதினார். கணித அறிஞர் ஒருவர் தம் முடிவுகளை எட்டிய பிறகு, அவற்றைச் சூத்திரங்களில் உள்ள அதே தெளிவோடும் முழுமையோடும் பொதுமொழியிலும் சொல்லக்கூடாதா என்று அதில் கேட்டார். அப்படிச் சொன்னால் எங்களைப் போன்றவர்கள் சோதனைகள் வழியே அதன்மேல் உழைக்க முடியுமே என்பது அவருடைய வாதம். இதில் சலுகைக்கான மன்றாட்டு இல்லை என்பதே எங்கள் வாசிப்பு. சமன்பாட்டைப் பொதுமொழியில் சொல்ல முடிந்தால்தான் அதைப் புரிந்துகொண்டதாகப் பொருள் என்று அவர் சொல்வதாகவே படுகிறது. நம் தேர்வுத்தாள்களில் இல்லாமற்போன ஒன்று இந்தக் கேள்விதான்.

*

சரி, பொதுமொழியில் சொல்லத் தெரியாததால் என்ன நட்டம்? அதை வீடுகளில் காணலாம். வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது, பூமியின் காந்தம் இரத்தத்திலுள்ள இரும்பை இழுத்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. நம் பகுதியில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40 மைக்ரோ டெஸ்லா. மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவியில் வழக்கமாக உள்ள புலம் 1.5 டெஸ்லா, அதாவது 37 ஆயிரம் மடங்குக்கும் மேல். அதற்குள் படுத்து எழுந்தவர்களின் இரத்தம் தலைக்கோ காலுக்கோ இழுபட்டுவிடுவதில்லை; குருதியின் இரும்பு, ஆணியின் இரும்பைப் போலக் காந்தத்தில் ஒட்டும் நிலையில் இல்லை. இயற்பியல் பட்டதாரி இதை இரண்டு நிமிடங்களில் விளக்கிவிட முடியும். ஆனால் பயோ-சவார் விதியை நிறுவத் தெரிந்த எங்களில் பலர் வீட்டில் இதைச் சொல்லத் தெரியாமல் கட்டிலைத் திருப்பிப் போட்டிருக்கிறோம். காந்த வளையல், காந்தப் படுக்கை விற்க வந்தவர்களிடமும் நாங்கள் வாயடைத்து நின்றிருக்கிறோம்.

எழுத்தாளர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. 'காந்தக் கண்கள்', 'மின்சாரப் பார்வை' என்று எழுதுவதில் தவறில்லை. உவமை கவிஞனின் உரிமை. ஆனால் கட்டுரைகளிலும் 'ஆற்றல் புலம்', 'காந்த அலைவரிசை' என்றெல்லாம் எதையும் குறிக்காத தொடர்களை அறிவியலின் தோரணையோடு எழுதிவருகிறோம். கணிதமில்லாத மொழி எவ்வளவு எளிதில் புகையாகிவிடும் என்பதற்கு நாமே சான்று. ஃபாரடேயின் உரைநடை அப்படிப்பட்டதல்ல. அவர் எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தின் பின்னாலும் ஒரு ஊசி அசைந்தது, அல்லது அசையாமல் இருந்தது. நாங்கள் கேட்பது அந்த வகை மொழியை.

பாடநூல்கள் நம் மண்ணையும் கவனிப்பதில்லை. காந்த ஊசி கிடைமட்டத்துடன் உண்டாக்கும் சரிவுக்கோணம் பற்றிப் படித்தோம். காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது என்பதோ, ஆகையால் இங்கே அந்தக் கோணம் மிகச் சிறியது என்பதோ எங்களுக்குச் சொல்லப்படவில்லை. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் திருவனந்தபுரம் அருகே தும்பாவிலிருந்து ஏவப்பட்டதற்கு, அந்த ஊர் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருந்ததே காரணம். ஒரு ஊசியை நூலில் கட்டித் தொங்கவிட்டால், தான் நிற்கும் இடத்தின் சிறப்பை மாணவன் தன் கண்ணாலேயே காணலாம்.

ஆகவே நாங்கள் முன்வைக்க விரும்புவது பெரிய சீர்திருத்தம் எதுவும் அல்ல. முதல் இரண்டு வாரங்களுக்குச் சமன்பாடு வேண்டாம். ஒரு மின்கலம், ஒரு திசைகாட்டி, கம்பி, காந்தம், ஒரு குமிழ் விளக்கு போதும். என்ன நடந்தது என்பதை மாணவர்கள் தம் சொற்களில், தமிழிலோ ஆங்கிலத்திலோ, எழுதட்டும். பிறகு கணிதம் முழு வலிமையோடு வரட்டும். ஒவ்வொரு நிறுவலுக்கும் பிறகு அதைப் பொதுமொழியில் ஒரு பக்கம் எழுதும் வினா தேர்வில் இருக்கட்டும்; பத்து மதிப்பெண் தந்தால் மாணவர்கள் நிச்சயம் படிப்பார்கள். மனனம் செய்தும் அதை எழுதலாமே என்பார்கள். எழுதலாம்தான். ஆனால் வீட்டிலிருந்து ஒரு பொருளைச் சொல்லி அதைக் கொண்டு விளக்கச் சொன்னால் மனனம் உதவாது. ஆங்கிலக் கலைச்சொல்லோடு தமிழ்ச் சொல்லும் அதன் பொருளும் வகுப்பில் சொல்லப்படட்டும். ஆங்கிலத்தை விலக்கச் சொல்லவில்லை. இரண்டு சொற்களை அறிந்தவன் ஒரு கருத்தை இரண்டு பக்கங்களிலிருந்தும் பார்க்கிறான்.

அறுபது மாணவர்கள், ஐந்து அலகுகள், ஒரு பருவம் என்ற நெருக்கடியில் ஆசிரியர் என்ன செய்வார் என்ற கேள்வி நியாயமானது. எங்கள் ஆசிரியரைக் குறைசொல்வது நோக்கமல்ல. அவரும் அப்படியே கற்பிக்கப்பட்டவர். ஆயினும் அன்று அந்த மோட்டார் கேள்விக்குச் செலவாகியிருக்கக்கூடிய பதினைந்து நிமிடங்கள், அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த பதினைந்து நிமிடங்களாக இருந்திருக்கும்.

அந்த நண்பன் இப்போது மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். சென்ற ஆண்டு நாங்கள் சிலர் அங்கே போயிருந்தோம். புதிதாகக் காயில் கட்டிய ஸ்டேட்டர் ஒன்றை, சுழலி இல்லாமல் வெறும் கூடாக வைத்து, குறைந்த மின்னழுத்தம் கொடுத்து, உள்ளே ஒரு பால்ரஸ் குண்டைப் போட்டான். குண்டு உட்சுவரை ஒட்டி வட்டமாக ஓடத் தொடங்கியது. "இது நிக்காம ஓடுச்சுன்னா காயில் சரியா இருக்குன்னு அர்த்தம்" என்றான். "உள்ள காந்தம் சுத்துதுடா. கண்ணுக்குத் தெரியாது, குண்டுக்குத் தெரியும்."

புலம் என்பதற்கு நாங்கள் கேட்ட மிகத் தெளிவான விளக்கம் அதுவே. பட்டம் பெற்ற எங்களுக்கு அதைச் சொல்லத் தெரிந்திருக்கவில்லை. அவனை ஒரு நாள் கல்லூரிக்கு அழைத்து அந்தக் குண்டோடு வகுப்பில் நிற்கவைக்க வேண்டும் என்று அங்குள்ள இயற்பியல் துறைக்கு எழுதியிருக்கிறோம். கரும்பலகையில் சமன்பாடு எழுத அருகே ஓர் ஆசிரியரும் நிற்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம். இருவரும் சேர்ந்து நின்றால்தான் அது மின்காந்தவியல் வகுப்பு.